அடியில் ஆயிரம் சோதனை, மேலே மவுனம்!

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போல பூமிக்கும் ஒரு சோதனை உண்டு. வரிசையாகத் துளை போட்டு அதில் வெடி வைப்பார்கள். அதிர்வு கீழே போய் பாறையில் மோதித் திரும்பி வரும். தரையில் குத்தி வைத்த கருவிகள் அதைப் பதிவு செய்யும். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்ற கணக்கை வைத்து, அடியில் பாறை எங்கே மேடு கட்டி நிற்கிறது, எங்கே உடைந்து கிடக்கிறது என்று கம்ப்யூட்டர் படம் போட்டுக் கொடுக்கும். இதற்குப் பெயர் நில அதிர்வு ஆய்வு.

படம் படம்தான். மேட்டுக்குள் இருப்பது எரிவாயுவா, வெறும் தண்ணியா என்று துளை போட்டால்தான் நிச்சயமாகத் தெரியும். கிணறு ஒன்றுக்குக் கோடிக்கணக்கில் செலவாகும். அதனால் வாயு உண்டாகும் பாறை இருக்கா, தேங்கி நிற்கும் பாறை இருக்கா, மேலே மூடி போட்ட மாதிரி பாறை இருக்கா என்று பத்துத் தடவை பார்த்த பிறகே கம்பெனிக்காரர்கள் பணத்தை இறக்குவார்கள். அது நியாயம்தான்.

ஆனால் அந்த நிலத்தின் மேலே பலாவும் தென்னையும் வாழையும் வைத்துப் பிழைப்பவனிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா?

புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அந்த வட்டாரத்தில் ஓ.என்.ஜி.சி. முன்பே கிணறு போட்டுப் பார்த்திருந்தது. 2017 பிப்ரவரி 15-ந்தேதி நாடு முழுவதும் 31 இடங்களுக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதில் நெடுவாசலும் ஒன்று. “ஹைட்ரோகார்பன்னா என்னங்க?” என்று ஊரே கேட்டது. விளக்கம் சொல்ல ஆள் இல்லை. மறுநாளே போராட்டம் வெடித்தது. மக்கள் சம்மதம் இல்லாமல் திட்டம் வராது என்று வாக்குறுதி வந்ததும் மார்ச்சில் போராட்டம் நின்றது. அதே மார்ச் 27-ந்தேதி டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது! ஏப்ரலில் ஜனங்கள் மறுபடியும் பந்தலுக்கு வந்துவிட்டார்கள்.

2020-ல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டு வந்தது. கறம்பக்குடி, திருவரங்குளம், அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்கள் அதற்குள் வந்தன. இங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு தேடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அப்படியும் 2021 ஜூனில் மத்திய அரசு விட்ட ஏலத்தில், நெடுவாசலை ஒட்டிய வடதெரு இடம்பெற்றது. முதல்-அமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. சோதனைக் கிணறு போடுவதற்குப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்று 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியை மாற்றிவிட்டது. பக்கத்து ராமநாதபுரத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு 2025 மார்ச்சில் அனுமதி கொடுத்தார்கள். ஜனங்களுக்கு விஷயம் தெரிந்தது ஆகஸ்டில். எதிர்ப்பு கிளம்பியதும், அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது தமிழக அரசு.

அடுப்புக்கு கேஸ் வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்லவில்லை. போர் தண்ணியை நம்பி ஏக்கர் கணக்கில் பயிர் வைத்திருப்பவன், துளை எத்தனை அடி போகும், கழிவு எங்கே போகும், கிணற்றை மூடினால் நிலம் பழையபடி கைக்கு வருமா என்று கேட்கிறான். கேட்பது தப்பா?

சோதனைக் கிணறுக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம் என்று விதியை மறுபடி மாற்ற வேண்டும். ஆய்வு செய்தவர்கள் அடியில் என்ன கண்டார்கள், மேலே என்ன ஆபத்து என்பதைத் தமிழில் அச்சடித்து, கிராமசபையில் வைத்துப் படிக்க வேண்டும்.

பாறையிடம் பத்துத் தடவை கேட்கிறார்கள். மனுஷனிடம் ஒரு தடவை கேட்கக் கூடாதா?