பிளாக்கை மட்டும் மாற்றாதீர்கள்



திருத்தணியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நாற்பதுகளின் கடைசியில் தாத்தா வாங்கிய செவர்லே கார் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறதாம். ஆறு சிலிண்டர் இன்ஜின் இறுகிக் கிடக்கிறது. "அதை இறக்கிவிட்டு ஒரு டீசல் இன்ஜினை மாட்டு, மலைக்கும் ஏறும், திருப்பதிக்கும் போய் வரலாம் என்கிறார்கள். மாட்டலாமா?" என்று கேட்கிறார். இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மாட்டச் சொல்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1950களில் சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினைத் தயாரித்தது. அதுவும் வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்டதுதான், 4.7 லிட்டர். பெட்ரோல் லாரியின் இன்ஜினை இறக்கிவிட்டு மாட்டுவதற்குப் பேர் போனது. லாரி தினமும் வாடகை சம்பாதிக்க வேண்டும், அதற்கு அது சரியான முடிவு. தாத்தாவின் காருக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை.

ஆறு சிலிண்டர் வரிசையில் நின்றால் 1-6, 2-5, 3-4 என்று இரண்டிரண்டு பிஸ்டன் சேர்ந்து ஏறி இறங்கும். ஒரு ஜோடியின் உதறலை மற்ற இரண்டு ஜோடிகளும் சமன் செய்துவிடும். கிராங்க் 120 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரியும். அந்த நிதானமான ஓட்டத்துக்காகவே அமைந்த பாடியில் நாலு சிலிண்டர் டீசலை வைத்தால், ஐட்லிங்கிலேயே கதவும் கண்ணாடியும் நடுங்கும். வண்டி ஓடும், அந்தக் கார் போய்விடும்.

செவர்லே இந்த வகை இன்ஜினை 1929 மாடலில் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார்களைக் கோத்து விற்கத் தொடங்கிவிட்டது. 1937இல் வந்த 216 கன அங்குல இன்ஜின்தான் நம் வாசகரின் காரில் இருக்க வேண்டும், சுமார் மூன்றரை லிட்டர். பிரிப்பதற்கு முன் இதன் குணம் ஒன்றை மெக்கானிக் தெரிந்திருக்க வேண்டும். கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கு பம்பிலிருந்து அழுத்தத்தோடு ஆயில் போவதில்லை. ராடின் அடியில் சின்ன அகப்பை போல ஒரு நீட்டம் இருக்கும். அது சுற்றும்போது ஆயிலை வாரிக்கொள்ளும். பேரிங்கும் கழற்றி மாட்டும் ஷெல் இல்லை, ராடிலேயே உருக்கி ஊற்றிய ஒயிட் மெட்டல். இடைவெளியை ஷிம் எடுத்துச் சரிசெய்வார்கள். அந்தக் காலத்துச் சாலை வேகத்துக்கு அது போதும். இன்றைய திருப்பதி நெடுஞ்சாலையில் மணிக்கு நூறில் தொடர்ந்து ஓட்டினால் பேரிங் உருகிவிடலாம். நிறுவனமே 1953இல் 235 கன அங்குல இன்ஜினுக்கு முழு அழுத்த ஆயிலும் ஷெல் பேரிங்கும் அலுமினிய பிஸ்டனும் கொடுக்கத் தொடங்கியது, அடுத்த ஆண்டு எல்லாக் கார்களுக்கும் அது வந்துவிட்டது. முதல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் 150 குதிரைச் சக்தியோடு ஓடியதும் அந்த ஆறு சிலிண்டர்தான்.

ஆகவே என் பதில் இது. இன்ஜின் பிளாக்கை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே திருத்துங்கள். ராடுகளை ஷெல் பேரிங் ஏற்கும்படி லேத்தில் கடைந்துகொள்ளலாம். சிலிண்டர் போர் தேய்ந்திருந்தால் ஓவர்சைஸ் பிஸ்டன், எல்லை தாண்டியிருந்தால் ஸ்லீவ். எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போடுங்கள். 2000க்குப் பிறகு நம் பெட்ரோலில் ஈயம் இல்லை, பழைய சீட் அந்த ஈயத்தை நம்பியிருந்தது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய டயாப்ரமும் ரப்பர் குழாய்களும் தாங்காது, எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஹெட் நீளமானது, எளிதில் வளையும். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக முறுக்க வேண்டும். பிளாக்கின் நீர்ப்பாதையில் படிந்த துருவை முழுக்கச் சுரண்டி எடுங்கள், கடைசி சிலிண்டர் சூடாவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கிராங்கின் முன்முனையிலுள்ள பேலன்ஸரின் ரப்பர் கல்லாகியிருக்கும். வெளியில் தெரியாது என்று அதை விட்டுவிடுகிறார்கள், நீளமான கிராங்க் முறுக்கிக்கொண்டு அதிர்வதைத் தாங்குவது அந்த ரப்பர்தான். ஆறு வோல்ட் மின்சாரத்தைப் பன்னிரண்டாக்குவது உங்கள் விருப்பம்.

சட்டமும் பிளாக்கின் பக்கம்தான் நிற்கிறது. 2021இல் வந்த விதிப்படி, பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, அசல் உருவில் இருக்கும் சொந்த வண்டிக்கு வின்டேஜ் பதிவு உண்டு. நம்பரில் 'விஏ' எழுத்து வரும். கட்டணம் புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி போய்விடும். அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். இன்னொன்று: திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பழைய ஆர்.சி. விவரம் இங்கே கிடைக்காவிட்டால் சித்தூரிலும் விசாரித்துப் பாருங்கள்.

ராணுவ ஏலத்தில் ஜோங்கா எடுத்தவர்களுக்கும் இதையே சொல்வேன். ஜபல்பூரில் தயாரான அந்த வண்டியில் இருப்பது 3,956 சிசி நிசான் ஆறு சிலிண்டர். பெட்ரோல் குடிக்கிறது என்று பலர் அதைக் கழற்றிவிட்டார்கள். கழற்றியதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் வைத்திருங்கள்.

ஒயிட் மெட்டல் ஊற்றி, கையால் சுரண்டிப் பொருத்தத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. திருத்தணி, சோளிங்கர், பள்ளிப்பட்டு, அரக்கோணம், நகரி பக்கத்துப் பட்டறைகளில் அந்த வேலை தெரிந்த பெரியவர்கள் இருந்தால் நமக்கு எழுதுங்கள். நம் வாசகரின் காரை அவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்