பட்டறைத் தமிழ்

விழா மலரில் தமிழாசிரியன் எழுதும் கட்டுரை சங்கப் புலவரையோ நாவலர் பெருமானையோ பற்றியதாயிருக்கும் என அன்பர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. யான் இம்முறை மின்மோட்டரால் இயங்கும் மாதிரி விமானத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். அதனுள் இருந்த சிறு கருவியொன்று என் மொழிபெயர்ப்பினால் எரிந்துபோயிற்று. ஆதலின் எழுதும் கடப்பாடு எனக்குண்டு.

நம் உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலர் சென்ற ஆண்டு அத்தகைய விமானமொன்றைக் கட்டத் தொடங்கினர். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவரொருவர் மோட்டரும் பற்றரியும் பிறவும் அனுப்பியிருந்தார். பெட்டியிலிருந்த ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கித் தருமாறு என்னிடம் வந்தனர். ஒரே மாலையில் முடித்துக் கொடுத்தேன். கொடுத்தபோது சற்றுப் பெருமிதமும் இருந்தது.

பற்றரிக்கும் மோட்டருக்கும் இடையே நிற்பது வேகக் கட்டுப்படுத்தி. மாணாக்கர் அதனை ஈ.எஸ்.சி. என்பர். 30 அம்பியர் தாங்கும் கருவி ஏறக்குறைய 30 கிராம் நிறையுடையது, தீப்பெட்டியளவே இருக்கும். பற்றரியிலிருந்து சிவப்பும் கறுப்புமாய் இரண்டு தடித்த வயர்கள் அதனுள் வரும். மறுபுறம் மோட்டருக்கு மூன்று தடித்த வயர்கள் செல்லும். இவையன்றி, வானொலி வாங்கியிலிருந்து கட்டளை கொணரும் மெல்லிய வயர்க்கொத்து ஒன்றும் உண்டு. ஆங்கிலக் குறிப்பு ‘இன்புட்’ வயர்களை நீட்டக் கூடாதென்றது. யான் ‘உட்செல் வயர்களை நீட்டற்க’ என எழுதினேன். சொல் செவ்விதாகவே இருந்தது. ஆயின் உட்செல்வது எது? கட்டளைதானே உள்ளே செல்கிறது என்று கொண்ட மாணாக்கர், அம்மெல்லிய கொத்தைத் தொடாது விட்டனர்.

அவர்கள் கட்டிய விமானத்துக்கு மூக்குப் பாரமாயிருந்தது. ஈர்ப்பு மையத்தைச் சரிப்படுத்தப் பற்றரியை 25 சென்ரிமீற்றர் பின்னே தள்ள வேண்டியதாயிற்று. கட்டுப்படுத்தியை மோட்டரருகே விட்டுப் பற்றரி வயர் இரண்டை நீட்டலாம்; அன்றேல் கட்டுப்படுத்தியையும் பற்றரியுடன் பின்னே கொண்டுசென்று மோட்டர் வயர் மூன்றை நீட்டலாம். இரண்டு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பி மீற்றருக்கு ஏறத்தாழ 18 கிராம். முதல் வழிக்கு 9 கிராம் செம்பு. இரண்டாவதற்கு 13½ கிராம். பாரத்துக்கு அஞ்சிய பிள்ளைகள் முதல் வழியைத் தெரிந்தெடுத்தனர். கணக்கில் பிழையில்லை. நாலரைக் கிராம் மிச்சமாயிற்று.

பறக்கவிடுமுன் சிவில் விமான அதிகாரசபையின் விதிகளை அறியவேண்டியிருந்தமையால், விமானத்தை மேசையில் இறுகக் கட்டிவைத்தே மோட்டரை இயக்கினர். அது நல்லதாயிற்று. மூன்றாம் முறை இயக்கியபோது வெடியோசை ஒன்று. பின் கருகல் நாற்றம்.

காரணம் பௌதிக ஆசிரியர் விளக்கிய பின்னரே எனக்குத் தெளிந்தது. அக்கருவி மின்னோட்டத்தைச் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டு அனுப்புகிறது. ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென மறித்தால் நீண்ட வயர் அதற்கு இசையாது. மின்னழுத்தம் ஒரு கணம் துள்ளி எழும். அத்துள்ளலைத் தாங்குவதற்கே கருவியின் வாயிலிற் சிறு பீப்பாய் போன்ற கொள்ளளவி பொருத்தப்பட்டுள்ளது. பற்றரி வயர் நீள நீள அது மிகைப்படச் சூடேறி வெடிக்கும். மோட்டர்ப் பக்கத்தில் இவ்வச்சம் சிறிது. மோட்டரின் சுருள்களுக்கே அவ்வியல்பு பெரிதும் உண்டாதலின், அங்கே வயர் சற்று நீள்வதாற் பெரிய வேறுபாடு நேராது. பற்றரிப் பக்கத்தை நீட்டியே ஆகவேண்டுமெனில், கருவியின் அருகே தகுந்த கொள்ளளவிகளை மேலும் சேர்க்க வேண்டுமாம்.

இவ்விடத்தே என் மனத்தை வருத்திய செய்தி வேறு. அம்மாணாக்கருள் ஒருவன் கொள்ளளவியின் வரைவிலக்கணத்தைப் பரீட்சையில் வழுவின்றி எழுதியவன். 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளின் வழியே நம் பாடநூல்களுக்கு இத்தகைய சொற்கள் பல வந்துசேர்ந்தன. அரிய பணி அது. ஆனால் அச்சொல் வினாத்தாளில் வாழ்கின்றது. மேசைமேல் வெடித்த பீப்பாய்தான் கொள்ளளவி என்பதை அவன் அன்றே அறிந்தான்.

பட்டத்தில் இப்பிரிவு இல்லை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டமேற்றுவோரை நோக்குமின். முச்சை, விண், வால் என ஒவ்வோர் உறுப்புக்கும் பெயருண்டு. பெயரைச் சொன்னவுடன் கை அங்கே போகும். பட்டம் ஒருபால் சாய்ந்தால் பாரம் கட்டுமுன் முச்சையின் முடிச்சை மாற்றிப் பார்ப்பர். அதற்கு ஒரு கிராமும் செலவில்லை. இரவில் விளக்குப் பட்டம் விடுவோர் குமிழையும் வயரையும் கையில் தூக்கிப் பார்த்தே கட்டுவர். நம் விமானக்காரரும் பசை பூசுமுன் பற்றரியின் இடத்தைக் கண்டிருந்தால் வயரை நீட்ட நேர்ந்திராது.

ஆங்கிலம் கற்பித்தால் இவ்விடர் தீருமே என்பர் நண்பர் சிலர். ஆங்கிலம் வேண்டும், அதை மறுப்பாரில்லை. ஆயினும் ‘இன்புட்’ என்ற சொல்லை அறிந்த பிள்ளையும் எந்த வயர் என்று தடுமாறியிருக்கலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். நூல்களைப் பெயர்க்கும்போது தம் மாணாக்கரையும் உடன்வைத்துக்கொண்டார். நோயாளியைத் தொட்டவன் சொல்லையும் தேடினான். யான் செய்தது மறுதலை: கருவியை ஒருமுறையும் கையிலெடாமல், வீட்டு மேசையிலிருந்து பெயர்த்தேன்.

ஆகவே கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவரிடம் ஒன்று கேட்பேன். பெட்டிகள் அனுப்புகிறீர்கள், நன்றி. உங்களுட் பொறியியலாளர் பலர். பெட்டியோடு இரண்டு பக்கம் தமிழும் அனுப்புங்கள். எது எங்கே செல்கிறது, எதை நீட்டக்கூடாது, ஏன் என்று எழுதுங்கள். நடை கரடாயிருந்தால் குற்றமில்லை. திருத்த இங்கே ஆளுண்டு. அத்துடன், ஒரு கிராம்வரை காட்டும் தராசு ஒன்றை ஆய்வுகூடத்துக்கு அளிப்பீராயின், இன்னொரு மோட்டரைவிட அது பயன்படும்.

எரிந்த கருவியைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன்கீழ் ஒட்டிய புதிய தாளில் அவ்வரி இப்போது இவ்வாறுள்ளது: ‘பற்றரியிலிருந்து வரும் சிவப்பு, கறுப்பு வயர்களை நீட்டாதே, நீட்டவேண்டுமானால் மோட்டருக்குப் போகும் மூன்றையும் நீட்டு.’ அதனை எழுதியவன் கொள்ளளவிக்கு வரைவிலக்கணம் எழுதிய அம்மாணவனே. யான் ஓர் ஒற்றை மட்டும் திருத்தினேன்.