கைப்பேசிக்குள் ஒரு துணிக்கடை



பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் குலை வெட்டுகிறார். இவர் உதிரிப் பழம் பொறுக்குகிறார். பள்ளிப் பேருந்துக்கும் மளிகைக்கும் என்று கைப்பேசிப் பணப்பையில் போட்டு வைத்திருந்த 380 வெள்ளி ஒரே வாரத்தில் கரைந்து போய்விட்டதாம். யாரோ ஏமாற்றுக்காரன் எடுத்துவிட்டான் என்றுதான் முதலில் பதறியிருக்கிறார்கள். பிறகு பார்த்தால், எடுத்தது 12 வயது மகன். "சட்டை வாங்கினேம்மா" என்றானாம். வீட்டில் ஏது புதுச் சட்டை? கைப்பேசி விளையாட்டில் ஓடி ஓடிச் சண்டை போடுகிறானே ஒரு வீரன், அவனுக்குச் சட்டை!

தகப்பனார் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டார். இரண்டு வாரமாகப் பையன் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தத் தாய் என்னிடம் கேட்பது இதுதான்: கையால் தொட முடியாத சட்டைக்கு ஒரு பிள்ளை ஏன் காசு கொடுக்கிறான்? இதில் திருடன் யார், என் மகனா, விற்றவனா?

2025-இல் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. மாதம் 26 நாள் வேலை என்று வகுத்துப் பாருங்கள். 380 வெள்ளி என்பது ஏறக்குறைய ஆறு நாள் வியர்வை. ஆகவே இதைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கோ இந்த விளையாட்டுகள் ஆடத் தெரியாது. ஆடுகிறவர்களையே கேட்டுவிடுவோம் என்று சனிக்கிழமை மாலை எங்கள் மாரியம்மன் கோயில் திண்ணைக்குப் போனேன். அங்கேதான் 'லைன்' நன்றாகக் கிடைக்குமாம்; அம்மன் அருள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற இளைஞர். அவர் சொன்னார்: "மாமா, ஆட்டம் இலவசம். யாரும் என்னைக் காசு கேட்கவில்லை. மாதம் 20 வெள்ளிக்கு ஒரு ஸ்கின் வாங்குகிறேன். சிகரெட் இல்லை, தண்ணி இல்லை. ஆட்டத்தைச் செய்தவனும் சாப்பிட வேண்டாமா?" ஸ்கின் என்றால் தோல் என்று பொருள். ஆனால் பையன்கள் சொல்வது வீரனின் உடுப்பை, துப்பாக்கியின் வண்ணத்தை, முதுகில் முளைக்கும் இறக்கையை. இவற்றால் பெரும்பாலும் வீரனுக்குப் பலம் கூடாது, அழகு மட்டும்தான்.

இரண்டாமவன் ஐந்தாம் படிவம் படிக்கிறவன். ஒரு காசும் கொடுத்ததில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். "சட்டை வாங்கினவனையெல்லாம் சும்மா ஆளை வைத்தே அடித்திருக்கிறேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். கூட்டாகச் சேர்ந்து ஆடும்போது தோற்றுவிட்டால், சும்மா உடுப்புப் போட்டவன்மேல்தான் முதலில் பழி விழுமாம்.

மூன்றாமவர் முப்பதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவருக்குக் கோபம். "எங்கள் காலத்தில் ஒரு தட்டு வாங்கினால் ஆட்டம் முழுசும் நம் கையில். இப்போது சட்டையை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பொத்தானுக்குத் தனியாகக் காசு கேட்கிறான்" என்றார்.

இவர் கோபம் இன்று நேற்று பிறந்ததன்று. 2006-ஆம் ஆண்டு 'ஓப்லிவியன்' என்ற விளையாட்டை விற்ற பெதஸ்டா நிறுவனம், அதில் வரும் குதிரைக்கு ஒரு கவசம் செய்து, இரண்டரை அமெரிக்க டாலர் விலை வைத்தது. ஏற்கெனவே முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். குதிரைக் கவசம் என்பதே கேலிச் சொல் ஆகிவிட்டது. 2009 ஏப்ரல் முதல் தேதி அந்த நிறுவனமே மற்றச் சரக்குகளின் விலையைப் பாதியாகக் குறைத்து, குதிரைக் கவசத்துக்கு மட்டும் இரட்டிப்பு விலை போட்டுத் தன்னையே கேலி செய்துகொண்டது. கேலி ஒரு பக்கம் நடக்க, வியாபாரம் மறு பக்கம் நடந்தது. 2011-இல் 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' என்ற ஆட்டம் இலவசமாக்கப்பட்டது. ஆட்டம் இலவசம், தொப்பிக்குக் காசு! பிறகு 'டோட்டா 2', 'ஃபோர்ட்நைட்' எல்லாம் அந்த வழியே போயின. நம் பிள்ளைகள் ஆடும் 'மொபைல் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தின் முதல் உலகக் கிண்ணப் போட்டி 2019-இல் நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. அந்த ஆட்டத்தையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆடுகிறவர்கள் எல்லாரும் எல்லாவற்றையும் எதிர்ப்பதில்லை என்பதை அன்று திண்ணையில் தெரிந்துகொண்டேன். அவர்களுக்குள் ஒரு கோடு இருக்கிறது. தோட்டத்துத் திடலில் பந்து விளையாடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் விலை உயர்ந்த காலணி போட்டு வந்தால் பார்ப்பவன் கண் கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். காசு கட்டியவன் குழுவுக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு கோல் எழுதிக் கொடுத்தால்? திடலில் அடிதடி நடக்கும். 2017 நவம்பரில் அப்படித்தான் நடந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' என்ற ஆட்டத்தில், பலம் தரும் பொருள்கள் காசு கொடுத்து வாங்கும் பெட்டிகளுக்குள் இருந்தன. பெயர் பெற்ற வீரர்களை அடையவோ நெடுநேரம் ஆட வேண்டியிருந்தது. நிறுவனம் சொன்ன சமாதானத்துக்கு 600,000-க்கும் மேற்பட்ட எதிர்ப்பு வாக்குகள் விழுந்து, அது கின்னஸ் சாதனை நூலிலேயே இடம் பிடித்தது. ஆட்டம் வெளியாகும் தறுவாயில் காசு வாங்குவதையே நிறுவனம் நிறுத்தி வைத்தது. சட்டையை விற்றுக்கொள், வாளை விற்காதே என்பதுதான் பெரும்பாலான ஆட்டக்காரர்களின் கட்சி.

பெட்டி என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் வயதுக்காரர்களுக்கு ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: திக்காம். ஒட்டுக்கடை வாசலில் ஓர் அட்டை தொங்கும். அதில் மடித்த சீட்டுகள் ஒட்டியிருக்கும். காசைக் கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே ஓர் எண். மேலே தொங்கும் பெரிய பொம்மைக் காரைப் பார்த்தபடியே கிழிப்போம், கிடைப்பது புளிப்பு மிட்டாய். அந்தக் கார் யாருக்காவது விழுந்து நான் பார்த்ததில்லை. கைப்பேசியில் வருகிற பெட்டியும் இதேதான். என்ன சட்டை வரும் என்று தெரியாமல் காசைக் கட்டி, திறந்து பார்க்க வேண்டும். சீட்டு அட்டையாவது ஒரு நாள் தீர்ந்து போகும். இந்தப் பெட்டிக்குத் தீர்வே இல்லை.

ஜப்பான் 2012-இலேயே இதில் ஒரு வகையைத் தடை செய்தது. குலுக்கலில் விழும் பொருள்களைத் தொகுப்பாகச் சேர்த்தால்தான் பெரும் பரிசு என்று ஆசை காட்டிய வகை அது. எந்தப் பொருள் விழ எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிட்டே ஆக வேண்டும் என்று சீனா 2017-இல் விதித்தது. 2018 ஏப்ரலில் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் மூன்று புகழ்பெற்ற ஆட்டங்களின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்த்துச் சொன்னது. விற்றவர்களிலும் மனச்சாட்சி உள்ளவர்கள் இல்லாமல் இல்லை. 'வார்ஃபிரேம்' என்ற ஆட்டத்தில் வளர்ப்பு நாயின் நிறத்தை மாற்ற ஒரு நெம்புகோல் வைத்தார்கள். இழுக்க இழுக்கக் காசு. ஒரே ஆள் 200 தடவை போல இழுத்ததைக் கண்டு, சூதாட்ட இயந்திரமல்லவா செய்து வைத்திருக்கிறோம் என்று திடுக்கிட்டு, அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். திண்ணையில் நான் பார்த்த மூவரும் மற்ற எதிலும் ஒத்துப் போகவில்லை. பெட்டி கூடாது என்பதில் மட்டும் ஒத்துப் போனார்கள். சட்டை வாங்குகிற இளைஞர்கூட, "பெட்டியில் நான் கை வைப்பதில்லை மாமா, அது நாலு நம்பர் எடுக்கிற மாதிரி" என்றார்.

இனி, அந்தப் பையனின் கையில் 380 வெள்ளி எப்படிக் கரைந்தது என்பதற்கு வருகிறேன். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது உடனே விளங்கும். தோட்டக் கடையில் நாம் வாங்கியது காசுக்கா? பற்றுப் புத்தகத்துக்குத்தானே! "அம்மா எழுதிக்கச் சொன்னாங்க" என்று பிள்ளை சொன்னால், கடைக்காரர் காதில் செருகிய பென்சிலை எடுத்து எழுதுவார். மாதக் கடைசியில் கணக்கைக் கூட்டும்போதுதான் வயிறு எரியும். காசைக் கண்ணால் பார்க்காதவரை செலவு உறைப்பதில்லை. ஆட்டக் கடையில் இதையே மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். வெள்ளியைக் கொடுத்து முதலில் வைரமோ வேறு ஏதோ பெயருள்ள நாணயமோ வாங்க வேண்டும். பிறகு சட்டைக்கு விலை அந்த நாணயத்தில். 1,200 என்று போட்டிருந்தால் அது எத்தனை வெள்ளி என்று 12 வயதுப் பிள்ளை மனக்கணக்குப் போடுமா? நான் போடுவேனா? இதில் இன்னொரு சூட்சுமம். ஃபோர்ட்நைட்டில் 2020-களின் தொடக்கத்தில் நாணயம் 1,000, 2,800 என்று மூட்டையாகக் கிடைத்தது. பல உடுப்புகளின் விலையோ 1,200. சின்ன மூட்டை போதாது, பெரியது மிஞ்சும். மிச்சம் கையில் கிடந்தால் அடுத்த சட்டைமேல் கண் போகாதா? கடையில் தொங்கும் உடுப்புகளும் அடிக்கடி மாறும். இன்று விட்டால் எப்போது வருமோ என்று பிள்ளை தவிக்கும்.

இது ஏதோ நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த வினை என்று எண்ண வேண்டாம். 2011-இல் அமெரிக்காவில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி 'ஸ்மர்ஃப்' என்னும் நீலக் குள்ளர்களின் கிராமத்துக்குப் பழம் வாங்கி 1,400 டாலர் கணக்கு ஏற்றிவிட்டாள். தாய் ஒரு முறை கடவுச்சொல் போட்டுக் கொடுத்தால், அடுத்த 15 நிமிடத்துக்கு மறுபடி கேட்காமலே வாங்க முடியும் என்பது பெற்றோருக்கு அப்போது தெரியாது. அந்த நாட்டு வணிக ஆணையம் இதைக் கையில் எடுத்தது. ஆப்பிள் நிறுவனம் 2014-இல் குறைந்தது 32.5 மில்லியன் டாலர் திருப்பிக் கொடுக்க உடன்பட்டது. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் நிறுவனம் 520 மில்லியன் டாலர் கட்ட உடன்பட்டது. அதில் 245 மில்லியன் ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தர. ஒரே பொத்தானை அழுத்தினால் பணம் போய்விடும்படி வைத்திருந்ததும், வங்கி அட்டை வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்டவர்களின் கணக்கைப் பூட்டியதும் அந்த நிறுவனத்தின் மீது சாட்டப்பட்ட குற்றங்களில் சில.

ஆகவே, அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில்: உங்கள் மகன் கேட்காமல் எடுத்தது தப்பு, அதை அவனுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் படித்த பெற்றோர், வங்கி அட்டைக்காரர்கள் எல்லாம் தடுக்கி விழுந்த படிக்கட்டில்தான் அவனும் விழுந்திருக்கிறான். அதற்கு இடுப்பு வார் அதிகம்.

சட்டை ஏன் என்றீர்கள். தீபாவளிக்கு முன்பணம் வாங்கி, கடைத்தெருவுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பளபளவென்று சட்டை எடுக்கிறோமே, அது குளிருக்கா? நாலு பேர் முன்னால் நம் பிள்ளை குறைந்து நிற்கக்கூடாது என்றுதானே! ஆங்கிலம் பேசும் நாடுகளில் சும்மா உடுப்போடு ஆட வரும் பிள்ளையை 'டிஃபால்ட்' என்று கூப்பிட்டு மட்டம் தட்டுகிறார்களாம். திண்ணையில் ஐந்தாம் படிவக்காரன் குரலைத் தாழ்த்திச் சொன்னதும் அதைத்தான். உங்கள் மகனை யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டீர்களா? அந்த நாலு பக்கத்தில் அது மட்டும் இல்லை.

செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். தொழிற்சாலை இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்து என் கைப்பேசியிலேயே செய்து காட்டினார். கூகல் பிளே கடையின் அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். அந்தச் சொல் பிள்ளைக்குத் தெரியக்கூடாது, அவன் பிறந்த தேதியை வைக்காதீர்கள். பணப்பையையும் வங்கிக் கணக்கையும் விளையாட்டுக் கடையோடு இணைத்து வைக்க வேண்டாம். முன்கட்டணத் தொலைபேசியில் ஏற்றி வைத்த காசிலிருந்தும் கழிக்க வழி உண்டு, அதையும் கவனியுங்கள். தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கடையிடமே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நாள் கடந்துவிட்டாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. ஆசைப்பட்டுக் கேட்கிற பிள்ளைக்கு என்றாவது ஒரு சட்டை வாங்கித் தருவதானால், நாணயக் கணக்கை வெள்ளிக் கணக்காக்கி அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் அப்பாவின் ஒரு நாள் கூலியையும் எழுதட்டும். பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் அந்தத் தாய்க்கு முன்பே தபாலில் எழுதிவிட்டேன். இந்த இதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில் அவருடைய இரண்டாவது கடிதம் வந்தது. கேட்டுப் பார்த்ததில் 120 வெள்ளி திரும்பி வந்திருக்கிறது. மீதி போனது போனதுதான். பேருந்துக்காரர் அடுத்த சம்பளம் வரை பொறுத்துக்கொள்கிறாராம். பையன் ஒரு நாள் இரவு தானாகவே வந்து அந்த வீரனைத் திறந்து காட்டினானாம். நீல நிறம், தோளில் வெள்ளிச் சரிகை, முதுகில் இறக்கை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.