வெள்ளரிக்காயும் விரலளவு யந்திரமும்

ஜப்பான் தேசத்தில் ஷிஸுவோகா மாகாணத்தில் வெள்ளரி பயிரிடும் ஒரு குடும்பம் உண்டு. வெள்ளரிக்காயில் அப்படி என்ன பிரமாதம் என்று நேயர்கள் கேட்கலாம். காய் வாங்கும் விஷயத்தில் ஜப்பானியர் மகா கண்டிப்புக்காரர்கள். காய் கோணாமல் நேராக இருக்க வேண்டும். நிறம் பளிச்சென்றிருக்க வேண்டும். மேலே உள்ள சிறு முட்கள்கூட உதிர்ந்திருக்கக் கூடாது. அத்தகைய காய்க்குத்தான் உயர்ந்த விலை. ஆகவே அக்குடும்பத்தார் தங்கள் காய்களை ஒன்பது தரங்களாகப் பிரித்து வந்தார்கள். பிரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டு அம்மாளுடையது. அறுவடை மும்முரமாக உள்ள காலத்தில் அந்த அம்மாள் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை இந்த ஒரே வேலையைச் செய்ய நேரிட்டது. கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றால், காயை எடுத்த மாத்திரத்தில் தரம் சொல்லும் பார்வை வருவதற்கே மாதக்கணக்கில் பழக வேண்டும். அதற்குள் அறுவடை முடிந்துவிடும். தரம் பிரிக்கும் பெரிய யந்திரங்களோ சிறு பண்ணைக்குக் கட்டுப்படியாகாத விலை.

மோட்டார் தொழிலில் மின்னணு யந்திரங்களை வடிவமைத்துப் பழகிய மகன், பெற்றோருக்கு உதவியாகப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். 1915-ல் அல்ல, 2015-ல் தான்! அவ்வருஷம் நவம்பரில் கூகிள் கம்பெனியார் ‘டென்ஸர்ஃப்ளோ’ என்னும் சாதனத்தை யாவரும் இலவசமாக எடுத்தாளும்படி வெளியிட்டார்கள். மகன் அதைக் கைக்கொண்டார். தாயார் தரம் பிரித்துப் போட்ட காய்களைச் சுமார் மூன்று மாத காலம் படம் பிடித்தார். ஏழாயிரம் படங்கள் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு கம்ப்யூட்டருக்குத் தாயாரின் கண்ணைக் கற்பித்தார்.

இப்படிக் கற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் ‘நரம்பு வலை’ என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் பெருக்கலும் கூட்டலுமே. ஆனால் கோடிக்கணக்கில் இருக்கும், அதுவே தொல்லை. கற்பிக்கும் வேலைக்கு மகனுடைய மேஜைக் கம்ப்யூட்டர் இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் உழைக்க வேண்டியிருந்தது. அதுவும், ஒவ்வொரு படத்தையும் எண்பதுக்கு எண்பது புள்ளிகளாகச் சுருக்கிய பிறகு!

இவர் செய்த ஏற்பாட்டில் நம் மனத்தைக் கவர்ந்தது வேலைப் பங்கீடு. காயைப் படம் பிடிக்கும் இடத்தில் முப்பத்தைந்து டாலர் விலையுள்ள ‘ராஸ்பெரி பை’ என்னும் சிறு கம்ப்யூட்டர் இருந்தது. வந்திருப்பது வெள்ளரிக்காய்தானா என்று மட்டும் அதிலிருந்த சிறு வலை பார்க்கும். ஆம் என்றால், எந்தத் தரம் என்று தீர்மானிக்க வேறொரு கம்ப்யூட்டரிலுள்ள பெரிய வலைக்குப் படத்தை அனுப்பும். வாயிற்காவலன் செய்யக்கூடிய வேலைக்கு மந்திரியை எழுப்புவானேன்?

அதே காலத்தில், 2015 அக்டோபரில், ‘ஆல்ஃபாகோ’ என்னும் நிரல் ஐரோப்பிய சாம்பியன் ஃபான் ஹூயியைக் ‘கோ’ ஆட்டத்தில் தோற்கடித்தது. பல யந்திரங்களில் பரவி நின்ற அதன் வடிவத்துக்கு 1,202 சாதாரணச் செயலிகளும் 176 படச் செயலிகளும் தேவைப்பட்டதாக அதை ஆக்கியோரே எழுதியிருக்கிறார்கள். அத்தனை பெரிய சேனையை வைத்துக் காப்பாற்றக்கூடியவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? இந்த வித்தை செல்வர் மாளிகையிலேயே தங்குமா, வெள்ளரித் தோட்டத்துக்கும் வருமா என்பதைச் சில்லின் விலையும் அது குடிக்கும் மின்சாரமுமே தீர்மானிக்கின்றன.

மின்சாரம் எங்கே செலவாகிறது என்பதைப் பார்த்தால் வியப்பாயிருக்கும். ஸ்டான்ஃபோர்டு ஆசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-ல் ஒரு கணக்குக் கொடுத்தார். எட்டு பிட் அளவுள்ள இரண்டு எண்களைப் பெருக்க 0.2 பைக்கோஜூல் சக்தி போதும். முப்பத்திரண்டு பிட் தசம எண்களானால் 3.7 பைக்கோஜூல். ஆனால் வெளியே உள்ள நினைவகத்திலிருந்து முப்பத்திரண்டு பிட் எண் ஒன்றை எடுத்து வரவோ 640 பைக்கோஜூல்! சமையலுக்கு ஆகும் விறகைவிடச் சந்தைக்குப் போய்வரும் வண்டிச் சத்தம் பலமடங்கு என்பது போலத்தான்.

நோய் தெரிந்தால் மருந்தும் தெரியும். முதலாவது, எண்களைச் சிறிதாக்குவது. விறகு நிறுக்கப் பொற்கொல்லன் தராசு எதற்கு? இது எந்தத் தரம் என்று ஊகிக்க எட்டு பிட் நுட்பமே பெரும்பாலும் போதுமானது. இரண்டாவது, ஒருமுறை கொண்டுவந்த எண்ணைத் திருப்பி அனுப்பாமல் பக்கத்தில் உள்ளவனிடம் கொடுப்பது. வீடு கட்டுமிடத்தில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுகிறார்கள் அல்லவா? அந்த யுக்திதான். குங், லைசர்சன் என்னும் இருவர் 1978-லேயே இதை வகுத்து, இதயத் துடிப்பை நினைவூட்டும் ‘சிஸ்டாலிக்’ என்ற பெயரையும் சூட்டினார்கள். கூகிள் கம்பெனியார் 2015 முதல் தங்கள் கூடங்களில் பயன்படுத்திய முதல் ‘டி.பி.யு.’ சில்லில் 256 வரிசைகளும் 256 பத்திகளுமாக 65,536 பெருக்கிகள் இவ்வாறே கைமாற்றிக்கொண்டு நின்றன.

பெரிய கூடத்து யுக்தி விரைவிலேயே சட்டைப்பைக்கு வந்தது. மொவிடியஸ் கம்பெனியின் சில்லை வைத்து, கம்ப்யூட்டரில் செருகும் குச்சி ஒன்றை 2017-ல் இன்டெல் கம்பெனியார் 79 டாலருக்கு விற்றார்கள். சில்லின் செலவு ஏறக்குறைய ஒரு வாட். ஒன்று போதாதென்றால் பல குச்சிகளைச் சேர்த்துச் செருகலாம். 2019-ல் வந்த கூகிளின் ‘கோரல்’ சில்லு இரண்டு வாட் மின்சாரத்தில் விநாடிக்கு நான்கு லட்சம் கோடி செய்கைகளைச் செய்வது. 2024-ல் ராஸ்பெரி பையுடன் சேர்த்துக்கொள்ள எழுபது டாலரில் வந்த உபகரணமோ பதின்மூன்று லட்சம் கோடி என்றது.

இவ்வளவு கேட்டதும் மயங்கிவிடக் கூடாது. ஜப்பானிய மகனின் யந்திரம் சோதனைப் படங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாகச் சொன்னது. உண்மையான காய்களைக் கண்டதும் எழுபதுக்கு இறங்கிற்று. எண்பது புள்ளிச் சதுரத்தில் சிறு கீறல் எங்கே தெரியும், முள் எங்கே தெரியும்? பத்தில் மூன்று காய் தவறான பெட்டிக்குப் போனால் பண்ணையின் பெயர் என்ன ஆகும்? இந்தக் குறையை அவர் மறைக்காமல் சொன்னதே நமக்கு அவரிடம் மதிப்பை உண்டாக்குகிறது. குறை நீங்க இன்னும் கூர்மையான படம் வேண்டும். அதற்கு இன்னும் வேகமான சில்லு வேண்டும். மேற்சொன்ன குச்சிகளின் பிரயோஜனம் அங்கேதான்.

மற்றொரு சங்கடமும் உண்டு. இன்டெல் குச்சியின் இரண்டாம் பதிப்பை அக்கம்பெனியார் 2022-ல் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி யந்திரம் கட்டியவர்கள் வேறு சில்லைத் தேட வேண்டியதாயிற்று. கோரல் சில்லுக்கு வலையை மாற்றித் தரும் நிரலோ உள்ளே திறந்து பார்க்க முடியாதது. கம்பெனியார் கொடுத்தபடியே வாங்கிக்கொள்ள வேண்டும். சில்லு மலிவாக வந்தாலும் அதன் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்த பிறகே பணப்பையை அவிழ்ப்பது நல்லது என்பது நமது அபிப்பிராயம்.