தீவுக்குச் சொந்தமாக ஒரு கடிகாரம்

ஜூன் மாதத்தில் போர்ட் பிளேரில் காலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணி சுமாருக்கு விளக்குப் போட வேண்டும். 2024ல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சூரியனின் பழக்கம் மாறவில்லை. இந்திய நேரம் மிர்சாபூர் பக்கமாகச் செல்லும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டியது. போர்ட் பிளேர் அதற்குப் பத்து டிகிரி கிழக்கே இருக்கிறது. வித்தியாசம் சுமார் 41 நிமிடம். வடகிழக்கு மாநிலங்களுக்கும் இந்தத் தீவுகளுக்கும் ஒரு மணி முந்திய தனி நேரம் வேண்டும் என்று 2018ல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் யோசனை சொன்னார்கள். அரசு ஏற்கவில்லை.

மனிதர்கள் 41 நிமிடத்தைச் சகித்துக்கொள்வார்கள். செல்போன் கோபுரங்கள் அப்படியல்ல. 5ஜி கோபுரங்கள் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசுகின்றன, கேட்கின்றன. ஒன்று கேட்கும் நேரத்தில் பக்கத்துக் கோபுரம் பேசினால் காரியம் கெட்டது. அவற்றுக்கிடையே அனுமதிக்கப்படும் பிசகு மூன்று மைக்ரோ வினாடி. அதாவது, ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு.

இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு, ஓர் அறை மூலையில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டிக்கு. 2002ல் வகுக்கப்பட்ட பி.டி.பி. முறையில், தலைமைக் கடிகாரம் நேரத்தை எழுதி அனுப்புகிறது. பெற்றுக்கொண்ட கருவி பதில் கடிதம் போடுகிறது. போய்வந்த நேரத்தில் பாதிதான் பயண நேரம் என்பது கணக்கு. சாதாரண ஸ்விட்ச் கடிதத்தைக் க்யூவில் நிறுத்திவிட்டு மூச்சு விடாது. விஷயம் தெரிந்த ஸ்விட்ச், தபாலாபீஸ் முத்திரை மாதிரி, தன்னிடம் தங்கிய நேரத்தையும் குறித்து அனுப்பும். ஆனால் அந்த வசதியைப் பெரும்பாலும் நாம்தான் முடுக்கிவிட வேண்டும். வழியில் ஒரு பெட்டி விட்டுப்போனாலும் கணக்கு தப்பும்.

யார் தலைமை என்பதற்கு ஒரு தேர்தலும் உண்டு. முன்னுரிமை எண் சிறியதாக இருப்பவர் ஜெயிப்பார். செயற்கைக்கோளையே பார்த்திராத பெட்டிக்கு யாரோ கவனமின்றிச் சின்ன எண்ணைக் கொடுத்துவிட்டால், மற்றவையெல்லாம் அதன் தப்பு நேரத்துக்குத் தலையாட்டும். எங்கோ கேட்ட கதைதான்.

‘பாதி’ என்ற கணக்கிலும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: போகும் வழியும் வரும் வழியும் ஒரே நீளம் என்று. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை - அந்தமான் கடலடிக் கேபிள், தீவுகளுக்கு இடையே போவதையும் சேர்த்தால், சுமார் 2,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் கடக்க ஐந்து மைக்ரோ வினாடி ஆகிறது. திரும்பும் வழி இரண்டே கிலோமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். கடிகாரம் ஐந்து மைக்ரோ வினாடி தவறிவிடும். எந்த அபாய விளக்கும் எரியாது.

அதனால் சென்னையிலிருந்து நேரத்தை இறக்குமதி செய்து மட்டும் பிழைக்க முடியாது. முக்கியமான தீவுகளிலாவது செயற்கைக்கோளைப் பார்க்கும் ஒரு ஆன்டெனாவும், அது மௌனமானாலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும் தரமான கடிகாரமும் வேண்டும். கேபிள் வழி வரும் நேரம், வித்தியாசத்தை அளந்து சரிசெய்தபின், மாற்று ஏற்பாடாக இருக்கட்டும்.

2004 டிசம்பர் 26 காலை, நிக்கோபார் தீவுகள் பலவற்றின் குரல் வெளியே கேட்கவில்லை. அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால், நிமிர்ந்து நிற்கும் கோபுரங்களாவது ஒன்றையொன்று கெடுக்காமல் வேலை செய்ய வேண்டும். சூரியனுக்கு ஏற்ற நேரத்தைத் தில்லி தராவிட்டால் போகிறது. அந்த மூன்று மைக்ரோ வினாடியில் கஞ்சத்தனம் கூடாது.