பூட்டை மறைப்பதா, சாவியை மறைப்பதா?

பேசின் பிரிட்ஜ் சந்திப்பைக் கடந்துதான் ரயில்கள் சென்னை சென்ட்ரலுக்குள் நுழைகின்றன. தண்டவாளங்கள் பின்னிக் கிடக்கும் அவ்விடத்தில் மோதலைத் தடுப்பது எது? ‘இன்டர்லாக்கிங்’ என்னும் ஏற்பாடு. பாதை சரியாகப் பொருந்திப் பூட்டிக்கொள்ளாத வரை சிக்னல் வழிவிடாது. இந்த விதி ரகசியமானதன்று. பொறியியல் பாடநூல்களிலேயே உள்ளது. ஆயினும் அதைப் படித்தவரெல்லாம் ரயிலைத் திருப்பிவிட முடியாது. பூட்டின் அமைப்பு ஊரறிந்தது. சாவி மட்டுமே பொறுப்பாளரிடம்.

ராணுவச் சங்கேதங்களுக்கும் இதுவே பொருந்தும் என்று 1883-இல் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் எழுதினார். முறை எதிரியின் கையில் சிக்கினாலும் தீங்கு வரக்கூடாது என்பது அவர் கொள்கை.

கணிப்பொறி மென்பொருளுக்கு வருவோம். லினக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் படிக்கலாம். விண்டோஸ் போன்ற தனியுரிமை மென்பொருளின் நிரலை அதன் நிறுவனம் மூடி வைத்திருக்கிறது. மூடியதே பத்திரமானது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியா?

2017 ஜூனில் ‘நாட்பெட்யா’ என்னும் நாசநிரல் உலகெங்கும் பரவியது. மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் நிறுவனத்தின் கன்டெய்னர் முனையம் ஸ்தம்பித்தது. அது பரவிய வழிகளுள் ஒன்று விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை. மூடிய கதவு திருடனைத் தடுக்கவில்லை.

அப்படியானால் திறந்திருப்பது மட்டும் போதுமா? போதாது. இணையத் தகவலைக் காக்கும் ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ திறந்த மென்பொருளே. அதில் 2012-இல் புகுந்த ‘ஹார்ட்பிளீட்’ பிழை 2014 வரை வெளிப்படவில்லை. எவரும் பார்க்கலாம் என்ற நிலையில், எவரோ பார்ப்பார் என்று எல்லோரும் இருந்துவிட்டனர்!

2024 மார்ச்சில் நடந்தது வேறு. தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர் ஐயுற்றார். துருவிப் பார்த்தபோது, ‘எக்ஸ்இசட்’ என்ற திறந்த மென்பொருளில் எவரோ ரகசியக் கொல்லைப்புற வழி அமைத்திருந்தது புலப்பட்டது. அவர் அந்த மென்பொருளை ஆக்கியவர் அல்லர். ஆயினும் உள்ளே புகுந்து ஆராய அவரால் முடிந்தது. மூடிய மென்பொருளில் வெளியார் ஒருவருக்கு அது எளிதாகாது.

ஆகவே திறந்த மென்பொருளே மேல் என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனையோடு. திறப்பு நமக்கு அளிப்பது பாதுகாப்பை அன்று, பார்க்கும் உரிமையை. பார்ப்பதற்குக் கற்றறிந்த கண்கள் வேண்டும். நம் சென்னையிலேயே சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ லினக்ஸை உருவாக்கியிருக்கிறது. அத்தகைய மென்பொருளைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், அதன் நிரலைப் படித்துக் கேள்வி கேட்கவும் பழகுங்கள், மாணவர்களே! அடுத்த அரை விநாடித் தாமதம் உங்கள் கண்ணிலும் படலாம்.