15 ரூபாயும் 28 நாளும்

பழைய வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பது நமக்கு வாய்த்த பொழுதுபோக்கு. இதனால் வருவாய் ஒன்றுமில்லை; செலவும் பெரிதன்று. ஈயம் பற்றவைக்கும் கோல் ஒன்று, மீட்டர் ஒன்று, கொஞ்சம் பொறுமை, இவை இருந்தால் போதும். ஏனாத்தூரிலும் சுற்றுப்புறத்திலும் பரண்மேல் கிடக்கும் பெட்டிகளை, "தாத்தா காலத்தது, பாடுமா பாருங்கள்" என்று கொண்டுவந்து தருகிறார்கள். பெரும்பாலும் பெரிய கோளாறு இருப்பதில்லை. பெட்டி ஓயாமல் உறுமினால் உள்ளேயிருக்கும் கண்டென்சர் உலர்ந்து போயிருக்கும். ஒலியைக் கூட்டுகையில் கரகரத்தால் வால்யூம் கண்ட்ரோலில் அழுக்குப் படிந்திருக்கும். சில ரூபாயில் தீரும் காரியங்கள்.

அண்மையில் வந்த ஒரு பெட்டியின் பின்மூடிக்குள் ரேடியோ லைசென்சுப் புத்தகம் ஒன்று மடங்கிக் கிடந்தது. இளையவர்கள் இதனைக் கண்டிரார். வானொலி கேட்பதற்கே அந்நாளில் அரசாங்கத்தின் உரிமம் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அஞ்சலகம் சென்று, 1970களில் 15 ரூபாய் செலுத்தி, புத்தகத்தில் முத்திரை பெற்று வரவேண்டும். சோதிக்க வரும் அதிகாரியிடம் அதைக் காட்ட இயலாதவர் தண்டம் கட்டுவார். பெட்டியே பறிபோவதும் உண்டு. கூலி வேலை செய்த குடும்பத்துக்கு அந்தப் 15 ரூபாய் பல நாள் சம்பளம். 1984இல் இந்த முறை நீக்கப்பட்டபோது பலரும் நிம்மதியடைந்தனர்.

உரிமம் போயிற்று, கட்டணம் போயிற்றா? கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்யும் குடும்பத்தலைவரைக் கேளுங்கள். மாதத்திற்கென்று நாம் செலுத்தும் தொகை பல திட்டங்களில் 28 நாளுக்கே செல்லும். 365ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம் வந்துவிடும். நான்கு கைப்பேசிகள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 52 முறை, அதாவது வாரத்துக்கு ஒருமுறை, யாரேனும் ஒருவருக்குப் பணம் செலுத்தியாக வேண்டும். வானொலிக்கு வீட்டுக்கு ஓர் உரிமம்; கைப்பேசிக்கோ ஆளுக்கு ஒன்று! இந்தப் பதின்மூன்றாம் மாதத்தைப் பற்றிப் புகார்கள் எழுந்தபின், 30 நாள் செல்லும் திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் கட்டளையிட்டது. இணையம் வேண்டாதவர்களுக்காக, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்கள் இருக்க வேண்டும் என்றும், இத்தகைய சிறப்பு ரீசார்ஜ் 365 நாள் வரையிலும் செல்லலாம் என்றும் 2024 டிசம்பரில் விதி செய்தது. கடைக்காரர் இவற்றைத் தாமாகச் சொல்வது அரிது. முதியோர் உள்ள வீட்டார் கேட்டு வாங்க வேண்டும்.

பொழுதுபோக்குக்காரர்களுக்கும் பணத்துக்கும் உள்ள உறவு எப்போதுமே இழுபறிதான். நம் மாநிலத்தில் வானொலி பிறந்ததே அத்தகையோர் கையில். 1924இல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் என்பவரும் அவர் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அவ்வாண்டே ஒலிபரப்பவும் செய்தார்கள். ஆர்வம் இருந்தது, பணம் இல்லை. 1927இல் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது. ஆயினும் கருவியைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாமல் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அதனைக் கொண்டு ஒலிபரப்பிற்று. 1938இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வரும்வரை அந்தப் பணி நடந்தது. பெட்டி வாங்க வசதியில்லாதவரும் கேட்கட்டும் என்று கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தார்கள் என்பதை நினைக்கும்போது அந்த நகராட்சியின்மீது நமக்கு மதிப்புப் பிறக்கிறது.

இதில் நாம் அடிக்கடி எண்ணிப் பார்க்கும் ஒரு கணக்கு உண்டு. வானொலி நிலையம் ஒலிபரப்பும்போது கேட்பவர் ஒருவராயினும் ஒரு லட்சம் பேராயினும் நிலையத்துக்குச் செலவு ஒன்றே. கேட்பவருக்கோ பாட்டரிச் செலவு மட்டும். இணையத்தில் அப்படியன்று. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒலியை அனுப்ப வேண்டும். அதைப் பெறுவதற்கு ஒவ்வொருவரும் தத்தம் கணக்கிலிருந்து டேட்டா செலவிட வேண்டும். பாரத்தின் ஒரு பகுதி நிலையத்தின் தோளிலிருந்து வீட்டின் தோளுக்கு மாறிவிட்டது. பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் இறுதியில் நின்றது. மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு 2018 ஜூன் 30ஆம் நாளோடு முடிந்து, பணி இணையத்துக்கு மாறியது. நிலையங்களைக் குறை கூற இயலாது. சிற்றலைக் கருவிகள் உண்ணும் மின்சாரம் கொஞ்சமன்று.

ஆனால் நம் தெருவிலுள்ள மூதாட்டி ஒருவருக்கு இந்த நியாயமெல்லாம் விளங்கவில்லை. கண்பார்வை குன்றியவர். சிற்றலையில் அந்த நிகழ்ச்சிகளைத் தேடிப் பிடிப்பதற்குக் குமிழை எவ்வளவு திருப்ப வேண்டுமென்று அவர் விரல்களுக்குத் தெரியும். கண்ணாடிப் பலகை போன்ற கைப்பேசியில் விரல்களுக்கு அடையாளம் ஏதுமில்லை. பேரன் வீட்டிலிருந்தால் திறந்து தருவான். அவன் ஒரகடத்தில் இரவு வேலைக்குப் போனால் அன்று ஒன்றுமில்லை. "பெட்டியைச் சரிசெய்து கொடு தம்பி" என்று நம்மிடம் கொண்டுவந்தார். பெட்டியில் பழுதே இல்லை. அதை அவரிடம் சொல்வதற்குத்தான் நாம் மிகவும் சிரமப்பட்டோம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016இல் யு.பி.ஐ. வந்தபின் பூக்காரம்மாவும் சில்லறைக்கு அலைவதில்லை. அட்டையைப் படம் பிடித்தால் பணம் போய்ச் சேர்ந்துவிடும். சிறு பெட்டியொன்று தொகையை உரக்கச் சொல்லும். நல்ல வசதி, இதைப் பழிப்பவர்களோடு நாம் சேரோம். ஆயினும் மடியிலிருந்த பணம் குறைவதைக் கை அறிந்ததுபோல், எண் குறைவதை அறிவதில்லை. சம்பள நாளில் தொடங்கும் பத்தும் இருபதும், மாதக் கடைசியில் எங்கே போயின என்று எவருக்கும் தெரியவில்லை. நமக்கு அருகிலுள்ள உத்திரமேரூர்க் கோவில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், சற்றேறக்குறைய 1,100 ஆண்டுகளுக்குமுன் வெட்டிய குடவோலை விதிகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்தலுக்கு நிற்கக்கூடாது என்று உள்ளது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை. வீடுகளுக்கும் அவ்விதி இருந்திருந்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோமோ! கைப்பேசி தானாகவே வரவுசெலவை எழுதி வைத்திருக்கிறது. ஞாயிறு மாலையில் அதைத் திறந்து மனைவியும் கணவனும் சேர்ந்து படித்தால், பழைய நாள்வழிக் கணக்குப் புத்தகத்தைவிட அது துல்லியமாக இருக்கும்.

மூதாட்டிக்கு ஒரு வழி கண்டோம். மெமரி கார்டு போடக்கூடிய பொத்தான் கைப்பேசி ஒன்று நம்மிடம் சும்மா கிடந்தது. பேரன் வாரத்துக்கு ஒருநாள் நிகழ்ச்சிகளை இணையத்திலிருந்து இறக்கி அந்தக் கார்டில் ஏற்றித் தருகிறான். அதன்பின் டேட்டா வேண்டியதில்லை, சிம்மும் வேண்டியதில்லை. நடுப்பொத்தானின்மேல் ஒரு துளி ஈயம் வைத்து மேடாக்கிக் கொடுத்தோம், விரலுக்குத் தெரியட்டும் என்று. இப்போது அவருடைய குறை வேறு. எல்லாம் போன வாரத்துச் செய்தியாக இருக்கிறதாம்.